நின்றபடி எரிந்த டீசல்

ஊரிலிருந்து யாராவது போன் பண்ணி என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், ஓர் எமிரேட் முழுக்க ஓடுகிற வண்டிகள் விடும் கார்பன் டை ஆக்சைடை எண்ணுகிறேன் என்பேன். எதிர்முனையில் இரண்டு விநாடி சத்தமே இருக்காது. அந்த இரண்டு விநாடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பேங்க் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் துபாயில் ஏசி ஆபீஸ், கழுத்தில் அட்டை, முதுகில் லேப்டாப் பை. பந்தாவுக்குக் கேட்கவா வேண்டும்.

உண்மையில் நான் செய்தது எக்ஸெல். காலையிலிருந்து சாயங்காலம் வரை எக்ஸெல்.

வேலை புரியாத அளவுக்கு ஒன்றுமில்லை. யாரும் புகைக்குழாயில் மீட்டர் வைப்பதில்லை. எத்தனை லிட்டர் பெட்ரோல், டீசல் எரிந்தது என்று தெரிந்தால் அதை ஓர் எண்ணால் பெருக்கி இத்தனை டன் வாயு என்று எழுதிவிடலாம். அந்த லிட்டரைப் பிடிப்பதுதான் சள்ளை. அஜ்மானில் டேங்கை நிரப்பிக்கொண்டு துபாய்க்கு வேலைக்குப் போகிறவனின் புகையை யார் தலையில் கட்டுவது? ராஸ் அல் கைமா குவாரியில் ஜல்லி ஏற்றும் லாரியும், ஓமானில் இருக்கும் சோஹார் வரை போய்த் திரும்பும் டிரெய்லரும் எந்த எல்லைக்குள் எவ்வளவு எரித்தன? அதனால் இரண்டு பக்கமிருந்தும் எண்ணுவோம். ஊற்றிய லிட்டர் ஒரு பக்கம், ஓடிய கிலோமீட்டர் ஒரு பக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் என் மேனேஜர் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவார். சென்னைக்கார மேடம். திட்டவே மாட்டார். "இது எனக்குப் புரியல, உனக்குப் புரியுதா?" என்று மட்டும் கேட்பார். அதற்குத் திட்டே தேவலை.

அப்போது நான் அஜ்மானில் ஆறு பேர் தங்கும் ரூமில் ஒரு மேல் கட்டிலில் இருந்தேன். எனக்குக் கீழ்க்கட்டிலில் பரமக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர். லேபர் பஸ் டிரைவர். விடிவதற்கு முன்னால் கேம்ப்பில் ஆட்களை ஏற்றி, பாலைவனத்துக்குள் இருக்கும் சைட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். நடுவில் பகல் முழுக்க பஸ்ஸோடு சைட்டிலேயே கிடக்க வேண்டும். எட்டு வருஷம் சித்தாள் வேலை பார்த்துவிட்டு, ஹெவி பஸ் லைசென்ஸை ஆறாவது டெஸ்ட்டில் வாங்கியவர். அந்த அட்டையை பர்ஸில் வைக்க மாட்டார். பனியனுக்குள் ஒரு பை தைத்து அதில் வைத்திருந்தார்.

ஒருநாள் லீவில் அவரிடம் என் வேலையை விளக்கினேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரை கிலோவுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வரும் என்றேன்.

"ஒரு லிட்டரே ஒரு கிலோ இருக்காதுல்ல தம்பி?"

"இருக்காதுண்ணே. காத்துல இருக்க ஆக்சிஜன் வந்து சேந்துக்கும். அதான் வெயிட்டு கூடுது."

கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். "இதே மாதிரி சம்பளத்துலயும் எதையாச்சும் சேத்துவிடுங்க தம்பி. ஒங்களுக்குத்தான் அந்த வித்தை தெரியுதே."

ரூமே சிரித்தது. அதற்குப் பிறகு எனக்கு அந்த ரூமில் 'புகை சார்' என்று பெயர்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. மகள் பிசியோதெரபி இரண்டாவது வருஷம். "அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த சீட்ல ஒக்காந்துட்டாப் போதும், அப்புறம் கலாஸ், முடிஞ்சுச்சு. இதை விட்டா என்னைய எவன் எடுப்பான்?" என்று அடிக்கடி சொல்வார். புலம்பலாகச் சொல்ல மாட்டார். பஸ் டைம் சொல்வது போலச் சொல்வார்.

முதல் வருஷக் கணக்கில் எல்லா வண்டியும் ஓரளவுக்கு ஒத்துப்போனது. லேபர் பஸ் மட்டும் மண்டையைக் காய வைத்தது. குளிர்காலத்தில் ஒழுங்காக இருக்கும். கோடை வந்ததும் ஊற்றிய டீசல் மேலே போகும், ஓடிய தூரம் இருந்த இடத்தில் இருக்கும். நடுவில் ஓர் இடைவெளி. ஏசிக்கு இவ்வளவு என்று கழித்துப் பார்த்தேன். அப்போதும் அடைபடவில்லை.

"டிரைவருங்க டீசலை உறிஞ்சி விக்கிறாங்கப்பா. வேற என்ன?" என்றார் மேடம்.

அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. அன்றைக்கு ரூமுக்கு வந்து, ஏதோ துப்பறிந்தவன் மாதிரி கீழ்க்கட்டில் அண்ணனிடம் கேட்டேன். "ஏண்ணே, கோடையில மட்டும் லேபர் பஸ் ஏன் இவ்ளோ டீசல் குடிக்குது? ஆபீஸ்ல திருட்டுங்கறாங்க."

சட்டையை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"யாரு சொன்னது?"

"பொதுவாச் சொல்றாங்கண்ணே."

"பொதுவா. செரி. நாளைக்கி மத்தியானம் பன்னண்டரைக்கி சைட்டுக்கு வாங்க. ஏசிலயே ஒக்காந்துக்கிட்டு திருடன்னு எழுதாதீக."

போனேன். டாக்ஸிக்காரன் தார் ரோடு முடிகிற இடத்தில் இறக்கிவிட்டுவிட்டான். அங்கிருந்து கேட் வரை பத்து நிமிஷ நடை. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிஷம் நடந்ததில்லை. வெயில் மேலிருந்து மட்டும் வரவில்லை. மணலிலிருந்தும், தகர வேலியிலிருந்தும், என் பெல்ட் பக்கிளிலிருந்தும் வந்தது.

கோடையில் மத்தியானம் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். பன்னிரண்டரைக்கு வேலை நிற்கும், மூன்றுக்குத் திரும்பத் தொடங்கும். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு நிழல் தர வேண்டும் என்பதால் சைட்டில் ஒரு ஷெட் இருந்தது. தகரக் கூரை, நான்கு ஃபேன். ஃபேன் வெக்கையைப் பிடித்து மூஞ்சியில் வீசிக்கொண்டிருந்தது. ஷெட்டில் யாருமில்லை. எல்லோரும் பஸ்ஸில் இருந்தார்கள்.

பஸ் ஸ்டார்ட்டில் நின்றது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த குளிரை இப்போதும் சொல்ல முடியும். ஐம்பது பேர் இருப்பார்கள். சீட்டில், சீட்டுக்கு நடுவே, படியில், அடுக்கி வைத்த மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஈரத் துணி, பூட்ஸ், வியர்வை எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. டிரைவர் சீட்டில் அண்ணன் மட்டும் முழித்திருந்தார். இஞ்சின் சூடு ஏறாமல் பார்க்க வேண்டுமாம்.

"இந்தா கெடக்காய்ங்க பாருங்க ஒங்க டீசல் திருடங்க," என்றார் மெதுவாக.

படியில் கிடந்த கம்பி கட்டும் போர்மேன் கண்ணைத் திறக்காமலே கேட்டார். ஆண்டிபட்டிக்காரர். "யாருண்ணே இது, புது ஆளா? பெல்ட்டு, ஷூ எல்லாம் போட்டு வந்திருக்காரு."

"நம்ம ரூம் தம்பி. புகைய எண்ணுறவரு."

"அப்ப சத்தமில்லாம எண்ணச் சொல்லுங்க. பயக தூங்குறாய்ங்க."

நானும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே போனில் கணக்குப் போட்டேன். ஒரு பஸ், இரண்டரை மணி நேரம், நின்றபடி எரியும் டீசல், கோடை முழுக்க. அதை எல்லா லேபர் பஸ்ஸோடும் பெருக்கினேன். இடைவெளி கச்சிதமாக அடைபட்டது. செம சந்தோஷம். அந்தக் குளிரில் நானும் முக்கால் மணி நேரம் தூங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேடத்திடம் காட்டியதும் முதல் தடவையாக, "சூப்பர்ப்பா," என்றார். திருட்டு இல்லை, வண்டி நின்றுகொண்டே எரிக்கிறது. கிராஃபில் அதற்கென்று தனியாக ஓர் ஆரஞ்சு பட்டை போட்டேன். டிரைவர்களைத் திருட்டுப் பட்டத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று ரூமில் பீற்றிக்கொண்டேன். அண்ணன் அன்றைக்கு எனக்கு ஷவர்மா வாங்கிக் கொடுத்தார்.

ரிப்போர்ட்டின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. இடது பக்கம், புகை எங்கிருந்து வருகிறது. வலது பக்கம், அதை எப்படிக் குறைக்கலாம். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. லேபர் பஸ்ஸுக்கு நேராக ஒரு கட்டம் காலியாக இருந்தது. அன்றைக்கு சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும், நானோ பசியில் இருந்தேன். 'வண்டி நின்றால் இஞ்சின் தானாக அணையும் கருவி பொருத்தலாம்' என்று தட்டினேன். கூடவே, 'சைட்டில் ஏசி ஓய்வறை அமைக்கலாம்' என்றும் தட்டினேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அதுகூட ஆகியிருக்காது. சாப்பிடப் போய்விட்டேன்.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் அண்ணன் ரூமுக்கு வந்து சொன்னார். "வண்டியில ஒரு பொட்டி மாட்டிருக்காய்ங்க தம்பி. அஞ்சு நிமிசம் நின்னா இஞ்சின் தானா ஆஃப் ஆயிரும்ங்கிறாய்ங்க. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் போட்டா ஆபீசுக்கு மெசேஜ் போயிருமாம். எவன் மூளையில உதிச்சுச்சோ."

நான் மேல் கட்டிலில் படுத்திருந்தேன். போனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏசி ரூம் ஏதும் கட்றாங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"யாரு? இவிங்களா? மாஃபி, அதெல்லாம் கெடையாது. ஷெட்டுல ஃபேன் ரெண்டு கூடப் போட்ருக்காய்ங்க."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம், அந்தப் பெட்டியை எழுதியவன் நான்தான் என்று. சொல்லவில்லை. ரிப்போர்ட்டை வாங்கிய கிளையண்ட் இரண்டு யோசனையில் சீப்பானதை எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது என்று எனக்குள்ளேயே வாதாடி ஜெயித்துவிட்டுத் தூங்கினேன்.

இரண்டாம் வருஷம் எங்கள் வேலை கொஞ்சம் ஹைடெக் ஆனது. அந்தப் பெட்டிக்குள்ளேயே டிராக்கர் இருந்தது. எந்த பஸ் எங்கே இருக்கிறது, ஓடுகிறதா நிற்கிறதா, எவ்வளவு எரிக்கிறது எல்லாம் என் ஸ்க்ரீனுக்கு வந்துவிடும். கோடை தொடங்கியதும் ஆரஞ்சு பட்டை தேய ஆரம்பித்தது. மேடம் மீட்டிங் மீட்டிங்காக அதைக் காட்டினார்.

ஒரு பஸ் மட்டும் ஒத்துழைக்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டரைக்கு நிற்க வேண்டிய பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று மணி வரை. மேப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். சைட்டுக்குப் பக்கத்துக் காலி மணல்வெளியில் வட்டம். வட்டத்துக்கு மேல் வட்டம். சின்னக் குழந்தை கிரேயானை வைத்துக் கிறுக்கின மாதிரி. முதல் நாளும் அதேதான், அதற்கு முந்தைய நாளும் அதேதான். வண்டி நம்பரைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

நின்றால்தானே இஞ்சின் அணையும். அவர் நிற்கவில்லை.

அன்றைக்கு ரூமில் அவர் சீக்கிரமே படுத்துவிட்டார். கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்திருந்தார். கணுக்கால் வீங்கி இருந்தது.

"அண்ணே, மத்தியானம் வண்டிய ரவுண்டு அடிக்கிறீங்களா?"

திரும்பிப் பார்த்தார். "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"என் ஸ்க்ரீன்ல தெரியுது."

"தெரியுதா," என்றார். காலைச் சுவரிலிருந்து இறக்கினார். "ஷெட்டுல ஒருத்தன் வாந்தி எடுத்து விழுந்துட்டான் தம்பி. நம்ம தேனிப் பய. கண்ணு சொருகிருச்சு. தூக்கி பஸ்ல போட்டு ஸ்டார்ட் பண்ணுனா அஞ்சு நிமிசத்துல அமந்து போகுது. என்ன செய்யச் சொல்றீக? ஓட்டுனேன். ஓட்டுனா ஏசி நிக்கல. அவன் முழிச்சு தண்ணி கேட்டான். மறுநாளு எல்லாப் பயலும் வந்து படியில நிக்கிறாய்ங்க. ஏறாதேன்னு சொல்லச் சொல்றீகளா?"

"நீங்க தூங்க வேணாமா? விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கிறீங்க."

"தூங்குனா எவன் ஓட்டுறது?" என்று சிரித்தார். "பத்து கிலோமீட்டர் ஸ்பீடுதான். இடிக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு? மணலு. அதைவிடுங்க. ஸ்க்ரீன்ல தெரிஞ்சா ஆபத்தா? எங்க ஆபீசுல பாத்தாய்ங்கன்னா விசா கான்சல்தான். பொண்ணுக்கு இன்னும் ஒண்ணரை வருசம் இருக்கு."

"நான் பாத்துக்கறேண்ணே," என்றேன்.

நாக்கில் சனி என்பது இதுதான் போலிருக்கிறது. அவ்வளவு கெத்தாக, அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

மறுநாள் ஆபீஸில் அந்த பஸ்ஸின் மத்தியான டேட்டாவை எடுத்தேன். சுத்தம் செய்கிற வேலை என்று ஒன்று உண்டு. டேட்டாவில் கோணல்மாணலாக ஏதாவது வந்தால் அதற்குப் பக்கத்தில் ஒரு காரணம் போட்டு ஒதுக்கிவிடுவோம். காரணங்கள் ரெடிமேடாக ஒரு பட்டியலில் இருக்கும். வண்டி ஒர்க் ஷாப்பில், சிக்னல் இல்லை, கருவி கோளாறு. நான் 'கருவி கோளாறு' என்பதைப் போட்டேன். நின்ற வண்டியைக் கருவி ஓடுவதாகக் காட்டுகிறது என்றால் யார் வேண்டுமானாலும் நம்புவார்கள். வட்டமெல்லாம் மறைந்தது. கணக்கில் அந்த பஸ்ஸும் மற்றவை போல மத்தியானம் நின்றுகொண்டிருந்தது. ரூமுக்குப் போய், "முடிச்சாச்சுண்ணே, இனி யாரு கண்ணுக்கும் தெரியாது," என்றேன். என் தலையில் கை வைத்து ஆட்டினார்.

கருவி கோளாறு என்று போட்டால், அந்தக் கருவியை மாட்டிய கம்பெனிக்கு சிஸ்டமே மெயில் அனுப்பிவிடும். ஒரு வாரத்துக்குள் ஆள் போய்ப் பார்த்தாக வேண்டும். ஒப்பந்தம் அப்படி. வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் அப்போது சீட்டை மேலே கீழே ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெக்னீஷியன் வந்தான். காலையில் வந்திருக்கலாம், சாயங்காலம் கேம்ப்புக்குப் போயிருக்கலாம். மத்தியானம் வந்தான். அப்போதுதான் பஸ் ஓரிடத்தில் இருக்கும் என்று அவனும் என் டேட்டாவைப் பார்த்துத்தான் முடிவு செய்திருந்தான். மணல்வெளி ஓரத்தில் வேனை நிறுத்திவிட்டு, ஐம்பது பேர் தூங்கிக்கொண்டிருக்க ஒரு பஸ் மெதுவாக வட்டமடிப்பதை போனில் படம் பிடித்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் பஸ்ஸை நிறுத்தி அவனுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். "பாய், பொட்டி அச்சா ஹை, ஒண்ணும் கெட்டுப்போகல," என்று அவரே சொல்லியும் இருக்கிறார். பெட்டியை ரிப்பேர் பார்க்க வந்தவன் என்றுதான் நினைத்திருக்கிறார். அவன் தன் ரிப்போர்ட்டில் 'கருவி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்பினான்.

அந்த ரிப்போர்ட் பஸ் கம்பெனிக்கும் போனது, எங்களுக்கும் வந்தது. இரண்டே நாளில் கான்சல். விதியை மீறி டீசலை வீணாக்கியது, பயணிகளோடு தேவையில்லாமல் வண்டி ஓட்டியது என்று காரணம். அவரிடம் இருந்த சாவியை வாங்கிக்கொண்டு, யாரோ ஒருவருடைய காரில் ரூமில் இறக்கிவிட்டார்கள். அவர் பாசஞ்சராக வந்து இறங்கியதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

நான் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கருவி கோளாறு என்று போட்டது நான், அதுவும் வேண்டுமென்றே போட்டது, அந்த ஆள் வீணாக ஓட்டவில்லை, ஷெட்டில் ஒருவன் விழுந்ததால் ஓட்டினார், இதை பஸ் கம்பெனிக்கும் கிளையண்டுக்கும் எழுதலாம் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன எழுதுவ? டேட்டாவ மாத்துனேன்னா?"

"ஆமா மேடம்."

"அப்போ மத்த பஸ்ல மாத்தலைன்னு யாரு நம்புவா? ரெண்டு வருஷ வேலை. மொத்தமும் குப்பைன்னுருவாங்க. உன் விசா, என் விசா, இந்த டீம்ல இருக்க ஆறு பேரு. எழுதணும்னா எழுதுப்பா. நான் தடுக்க மாட்டேன்." லேப்டாப்பை மூடிவிட்டு, "எழுதுனா அந்த ஆள திருப்பி எடுத்துருவாங்கன்னு நினைக்கிறியா?" என்றார்.

எடுக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அது இல்லை. விசா என்ற வார்த்தை. மெயிலை டைப் செய்தேன், படித்தேன், எழுத்துப் பிழை திருத்தினேன். அனுப்பவில்லை. டிராஃப்டில் கிடந்தது. இன்னும் கிடக்கிறது.

அவர் பெட்டி கட்டும்போது நான் ரூமில் இருந்தேன். மற்றவர்கள் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அணைக்கிற பெட்டியை எழுதியது நான், கோளாறு என்று போட்டது நான், அதனால்தான் அவன் வந்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். போர்வையை மடித்துக்கொண்டே கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அந்த வட்டத்த நீங்க ஒண்ணும் செய்யாம வுட்டுருந்தா, யாராச்சும் பாத்திருப்பாய்ங்களா?" என்று கேட்டார். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

யோசித்தேன். நூற்றுக்கணக்கான பஸ். அத்தனை மேப்பையும் பெரிதாக்கிப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான்.

"இல்லண்ணே. பாத்திருக்க மாட்டாங்க."

"ம்," என்றார். பனியன் பையிலிருந்து லைசென்ஸ் அட்டையை எடுத்தார். ஊரில் அது செல்லாது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அதே பையில் வைத்துக்கொண்டார். "மகக்கிட்ட லீவுன்னுதான் சொல்லிருக்கேன். நீங்க போன் கீன் பண்ணி எதையும் உளறிடாதீக."

அவ்வளவுதான் பேசினார். நான் ஏர்போர்ட் வரை வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். கீழ்க்கட்டிலுக்கு அடுத்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டான். மகள் என்ன ஆனாள், படிப்பு தொடர்கிறதா நின்றதா என்று எனக்குத் தெரியாது. இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை செய்ய எனக்கு முகமில்லை.

அந்தக் கோடையின் கடைசியில், பஸ்கள் உண்மையிலேயே இஞ்சினை அணைக்கின்றனவா என்று நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டியிருந்தது. சில சைட்டுகளைக் குலுக்கிப்போட்டு எடுத்தோம். அதில் அந்த சைட்டும் வந்தது. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். நானே போனேன். ஆபீஸ் கார் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. நான் திரும்பி வரும்போது சூடாக இருக்கக் கூடாது என்று டிரைவர் அதை ஸ்டார்ட்டிலேயே வைத்திருந்தார். அந்தக் காரில் எந்தப் பெட்டியும் இல்லை.

பஸ் நின்றது. இஞ்சின் அணைந்திருந்தது. புது டிரைவர், சின்ன வயசு நேபாளிப் பையன், டயர் நிழலில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். ஷெட் நிரம்பி, இடம் கிடைக்காதவர்கள் பஸ்ஸுக்கு அடியில் புகுந்து படுத்திருந்தார்கள். நனைத்த துண்டை முகத்தில் போட்டிருந்தார்கள். யாரும் தூங்கவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

போர்மேன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சார், நீங்க போன வருசம் நம்ம வண்டியில வந்து தூங்குனவருல்ல?"

"ஆமாண்ணே."

"நம்ம டிரைவர் அண்ணன் என்ன ஆனாரு, தெரியுமா? திடீர்னு வரல."

"ஊருக்குப் போயிட்டாரு. கான்சல்."

"எவனோ போட்டுக் குடுத்துட்டான்," என்றார். "நல்ல மனுசன் சார். சோறு திங்கக்கூட எறங்க மாட்டாரு. ஒரு கையில ஸ்டியரிங்கு, ஒரு கையில குப்பூஸு ரொட்டி."

நான் தலையாட்டினேன். ஃபாரத்தை எடுத்தேன். வண்டி எண், நேரம், இஞ்சின் நிலை. 'அணைந்துள்ளது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கீழே சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. சைட்டில் இருக்கும் பொறுப்பாளர் யாராவது போட வேண்டும். இன்ஜினியர் கேபினைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே ஏசி ஓடியது, யாரும் திறக்கவில்லை.

போர்மேனிடம் நீட்டினேன்.

"இது எதுக்கு சார்?"

"மத்தியானத்துல வண்டி ஆஃப்ல இருந்துச்சுன்னு."

"அது ஆஃப்லதான இருக்கு." சிமெண்ட் கையை பேண்ட்டில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். "போட்டா ஏசி வுடுவாய்ங்களா?"

நான் என்ன சொன்னேன் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. "பேசிட்டு இருக்கோம்ணே," என்றேன். அவர் நம்பினார். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த ஒருவனைத் தட்டி, நகரச் சொல்லி, அவன் நகர்ந்த இடத்தில் பேப்பரை மணல்மேல் வைத்து, தன் முழுப் பெயரையும் நிதானமாகத் தமிழில் எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார்.